மதுரை கேட்டது, வாஷிங்டனுக்குக் கேட்கவில்லை

திருநகரிலிருந்து மதுரைக்குள் போகும் பேருந்து திருப்பரங்குன்றத்தைத் தாண்டினால் அடுத்து பசுமலை. 1845-லிருந்து அமெரிக்கப் பாதிரியார்கள் குடியிருந்து பள்ளி நடத்திய இடம் அது. அதே சாலையில் எதிர்த்திசையில் போனால் திருமங்கலம். அந்தப் பள்ளி முதலில் தொடங்கப்பட்டது அங்கேதான். இன்னும் தெற்கே டி. கல்லுப்பட்டி. நியூயார்க்கின் கொலம்பியா பல்கலைக்கழகத்தில் பொருளாதாரம் படித்துவிட்டு வந்து காந்தியின் பொருளாதாரச் சிந்தனைக்கு உருவம் கொடுத்த ஜே.சி. குமரப்பா தம் கடைசி ஆண்டுகளைக் கழித்த ஊர்.

அமெரிக்கா ஒரு பேரரசாக மாறிய 1898 முதல் இரண்டாம் உலகப் போர் முடிந்த 1945 வரையிலான காலத்தைப் பெரும்பாலும் வாஷிங்டனிலிருந்தோ மணிலாவிலிருந்தோ பாரிஸிலிருந்தோதான் எழுதுகிறார்கள். மதுரையிலிருந்து பார்த்தால் அதே வரலாறு வேறு மாதிரித் தெரிகிறது. இங்கே அமெரிக்கா கொடியோடும் துப்பாக்கியோடும் வரவில்லை. பள்ளிக்கூடத்தோடும் மருத்துவமனையோடும் வந்தது. ஆனால் இன்னொருவர் ஆட்சியின் அனுமதியில் குடியிருந்தது. அந்த அனுமதிக்கு என்ன விலை என்பது இரண்டு உலகப் போர்களின்போதுதான் வெளிப்பட்டது.

விரட்டப்பட்டவர்கள் திரும்பி வந்த கதை

பாஸ்டனைத் தலைமையிடமாகக் கொண்ட அமெரிக்கன் போர்டு என்ற மிஷன் அமைப்பு 1810-இல் உருவானது. அது அனுப்பிய முதல் பாதிரியார்கள் 1812-இல் கல்கத்தாவில் இறங்கியபோது கிழக்கிந்தியக் கம்பெனி அவர்களை வெளியேறச் சொன்னது. பிரிட்டனுக்கும் அமெரிக்காவுக்கும் அந்த ஆண்டில்தான் போர் மூண்டிருந்தது. போதாததற்குக் கம்பெனிக்குப் பொதுவாகவே மிஷனரிகள் மேல் அவ்வளவு பிரியம் கிடையாது. கம்பெனி ஆளாத, நேரடியாக பிரிட்டிஷ் மன்னரின் கீழ் இருந்த இலங்கைதான் அவர்களுக்குக் கதவு திறந்தது. 1816-இல் யாழ்ப்பாணத்துக்கு வந்த டேனியல் பூர் முதலியோர் வட்டுக்கோட்டையில் உயர்கல்வி நிலையம் ஒன்றை வளர்த்தெடுத்தார்கள்.

1833-இல் கம்பெனியின் சாசனம் தளர்த்தப்பட்டது. மறு ஆண்டே, 1834-இல், யாழ்ப்பாணத்திலிருந்து மதுரைக்கு ஆள் வந்துவிட்டது. அமெரிக்கன் மதுரை மிஷன் இப்படித்தான் பிறந்தது. பூர் 1830-களின் நடுவில் தாமே மதுரைக்கு வந்து பள்ளிகளைத் திறந்தார். 1842-இல் திருமங்கலத்தில் தொடங்கிய செமினரி மூன்றே ஆண்டில் பசுமலைக்கு இடம் மாறியது. அங்கே 1881-இல் கல்லூரி வகுப்புகள் தொடங்கின. அதுதான் இன்றைய அமெரிக்கன் கல்லூரி. 1904-இல் அது மதுரை நகருக்கு வந்தது. 1909-இல் இப்போதைய வளாகத்துக்கு.

கோரிப்பாளையம் பக்கம் போகும் எவர் கண்ணிலும் படும் அந்தச் சிவப்புக் கட்டடங்கள் எழுந்த அதே பத்தாண்டில்தான் அமெரிக்கா வேறொரு நாட்டில் வேறொரு விதமாகப் பள்ளி கட்டிக்கொண்டிருந்தது.

மணிலாவும் மதுரையும்

1898-இல் ஸ்பெயினோடு நடந்த சிறு போரில் அமெரிக்கா வென்றது. ஆண்டு முடிவில் பாரிஸில் கையெழுத்தான உடன்படிக்கையின்படி 2 கோடி டாலர் கொடுத்து பிலிப்பைன்ஸை வாங்கிக்கொண்டது. ஸ்பெயினை எதிர்த்துப் போராடிச் சுதந்திரம் அறிவித்திருந்த பிலிப்பைன்ஸ் மக்களை யாரும் ஒரு வார்த்தை கேட்கவில்லை. 1899 பிப்ரவரியில் அவர்களோடே போர் மூண்டது. 1902-இல் அது முடிந்ததாக அறிவிக்கப்படுவதற்குள் சண்டையிலும் பஞ்சத்திலும் நோயிலும் குறைந்தது 2 லட்சம் பொதுமக்கள் மாண்டார்கள் என்பது வரலாற்றாசிரியர்கள் பலரின் மதிப்பீடு. பம்பாயில் பிறந்த ருட்யார்ட் கிப்ளிங் 'வெள்ளையனின் சுமை' என்ற கவிதையை அந்த பிப்ரவரியில் வெளியிட்டதே, எங்களைப் போல நீங்களும் ஆளுங்கள் என்று அமெரிக்காவுக்குச் சொல்லத்தான்.

1901 ஆகஸ்டில் 'தாமஸ்' என்ற ராணுவக் கப்பலில் சுமார் 500 அமெரிக்க ஆசிரியர்கள் மணிலாவில் இறங்கினார்கள். ஆங்கிலம் சொல்லிக்கொடுத்தார்கள், கூடவே அமெரிக்க ஆட்சிக்கு மக்களைப் பழக்கினார்கள். மதுரையிலும் அமெரிக்கர்கள் ஆங்கிலம்தான் சொல்லிக்கொடுத்தார்கள். ஆனால் அவர்களுக்குச் சம்பளம் அமெரிக்கத் தேவாலயங்களின் காணிக்கையிலிருந்து வந்தது. தலைக்கு மேல் பறந்த கொடியோ பிரிட்டனுடையது. மணிலா ஆசிரியர் ஆளும் வர்க்கம். மதுரைப் பேராசிரியர் விருந்தாளி.

மணிலாவையும் இந்தியாவையும் சேர்த்துப் பார்க்கும் பழக்கம் அமெரிக்க அரசியலிலும் இருந்தது. அமெரிக்க ஜனநாயகக் கட்சியின் தலைவரும் மூன்று முறை ஜனாதிபதித் தேர்தலில் நின்றவருமான வில்லியம் ஜென்னிங்ஸ் பிரையன் இந்தியாவைப் பார்த்துவிட்டுப் போய் 1906-இல் பிரிட்டிஷ் ஆட்சியைக் கடுமையாக விமர்சித்து எழுதினார். இந்திய தேசியவாதிகள் அதைக் கையில் வைத்துக்கொண்டு வாதாடினார்கள். மூன்றாண்டு கழித்து, 1909 ஜனவரியில், ஜனாதிபதி தியோடர் ரூஸ்வெல்ட் பொதுமேடையில் இந்தியாவில் பிரிட்டிஷ் ஆட்சியை வாயாரப் புகழ்ந்தார். இருவருக்கும் மனத்தில் இருந்தது பிலிப்பைன்ஸ்தான். இந்தியாவில் பிரிட்டன் செய்வது சரியென்றால் மணிலாவில் தாங்கள் செய்வதும் சரி. இங்கே தவறென்றால் அங்கேயும் தவறு. அமெரிக்கர்கள் இந்தியாவைப் பற்றிப் பேசியபோதெல்லாம் பாதி தங்களைப் பற்றியே பேசினார்கள்.

மதுரையின் தோற்றத்தை அந்தக் கால அமெரிக்க வீடுகளுக்குள் கொண்டுபோனவர்களில் முக்கியமானவர் அமெரிக்கன் கல்லூரி முதல்வர் வில்லியம் மைக்கேல் சம்ப்ரோ. 'நேஷனல் ஜியோகிராபிக்' இதழில் 1909-இல் இந்தியக் கோயில்களைப் பற்றியும், 1913-இல் தம்மைத்தாமே வருத்திக்கொள்ளும் சாமியார்களைப் பற்றியும் படங்களோடு நீண்ட கட்டுரைகள் எழுதினார். கல்லூரியை ஒரு நகரத்தின் பெருமையாக உயர்த்தியவர் அவர். அதில் இரண்டு கருத்துக்கு இடமில்லை. ஆனாலும் அமெரிக்க வாசகர் கண்ட இந்தியா கோபுரமும் முள்படுக்கையும்தான். மதுரையில் வக்கீல்களும் நகரசபை உறுப்பினர்களும் காங்கிரஸ்காரர்களும் இருந்ததை அந்தப் பக்கங்களைப் பார்த்தவர்கள் அறிந்திருக்க வழியில்லை.

அப்படிப்பட்ட ஒரு மதுரைக்காரர்தான் நான்காண்டு கழித்து அமெரிக்க ஜனாதிபதிக்கே கடிதம் எழுதினார்.

சர் சுப்பிரமணிய ஐயரின் கடிதம்

எஸ். சுப்பிரமணிய ஐயர் 1842-இல் மதுரையில் பிறந்தவர். மதுரையிலேயே வக்கீல் தொழில் செய்து, நகரசபையிலும் தேவஸ்தானக் குழுவிலும் பணியாற்றிவிட்டு 1880-களின் நடுவில் சென்னைக்குப் போனார். 1885-இல் பம்பாயில் கூடிய முதல் காங்கிரஸ் மாநாட்டின் 72 பிரதிநிதிகளில் ஒருவர். 1895 முதல் 1907 வரை சென்னை உயர்நீதிமன்ற நீதிபதி. மூன்று முறை தற்காலிகத் தலைமை நீதிபதி. பிரிட்டிஷ் அரசு அவருக்கு 'சர்' பட்டமும் திவான் பகதூர் பட்டமும் கொடுத்திருந்தது. கலகக்காரர் என்று யாரும் சொல்லிவிட முடியாத மனிதர்.

அவருக்கு அமெரிக்கத் தொடர்பு மிஷன் வழியாக வந்ததல்ல. 1875-இல் நியூயார்க்கில் தொடங்கி அடையாறில் வேரூன்றிய பிரம்மஞான சபை வழியாக வந்தது. அந்தச் சபையை நிறுவியவர்களில் ஒருவரான கர்னல் ஓல்காட் அமெரிக்க உள்நாட்டுப் போரில் பணியாற்றியவர். சபையின் தலைவர் அன்னி பெசன்ட் 1916-இல் சுயாட்சி கோரி ஹோம் ரூல் லீக் தொடங்கியபோது ஐயர் அதன் கௌரவத் தலைவரானார்.

1917 ஏப்ரலில் அமெரிக்கா முதல் உலகப் போரில் குதித்தது. உலகத்தை ஜனநாயகத்துக்குப் பாதுகாப்பான இடமாக்கத்தான் போரிடுகிறோம் என்றார் ஜனாதிபதி உட்ரோ வில்சன். ஜூன் மாத நடுவில் சென்னை அரசாங்கம் அன்னி பெசன்டைக் காவலில் வைத்தது. 75 வயதை நெருங்கிக்கொண்டிருந்த ஐயர் ஜூன் 24 அன்று வில்சனுக்குக் கடிதம் எழுதினார். தபாலில் போட்டால் தணிக்கையில் சிக்கிவிடும். சபையைச் சேர்ந்த ஹோட்ச்னர் என்ற அமெரிக்கத் தம்பதியர் அதைக் கையோடு எடுத்துப்போனார்கள்.

கடிதத்தில் கெஞ்சல் இல்லை, கணக்கு இருந்தது. இந்தியாவுக்குச் சுயாட்சி தருவதாக உடனே வாக்களித்தால் மூன்று மாதத்தில் 50 லட்சம் பேரும், அடுத்த மூன்று மாதத்தில் இன்னொரு 50 லட்சம் பேரும் போர்முனைக்கு வருவார்கள் என்று எழுதினார். அந்நிய ஆட்சியின் தீமைகளையும் பட்டியலிட்டார். அது நடக்கக்கூடிய எண்ணிக்கைதானா என்று இன்று கேட்கலாம். ஆனால் ஒரு போரிடும் நாட்டின் தலைவருக்குப் புரிகிற மொழி எது என்பதை ஓய்வுபெற்ற அந்த நீதிபதி அறிந்திருந்தார்.

அறியாத ஒன்றும் இருந்தது, அல்லது அறிந்தும் பொருட்படுத்தவில்லை. அதே 1917 பிப்ரவரியில்தான் அமெரிக்க காங்கிரஸ் இந்தியா உட்பட ஆசியாவின் பெரும்பகுதி மக்கள் குடியேறுவதைத் தடுத்துச் சட்டம் இயற்றியிருந்தது.

கடிதம் அமெரிக்காவில் அச்சாகிப் பரவியது. அரசு அதன் மேல் ஒன்றும் செய்யவில்லை. ஆனால் மறு ஆண்டு இந்தியாவிலிருந்து இன்னொரு கோரிக்கை வாஷிங்டனுக்குப் போனது. இது பிரிட்டிஷ் அரசின் வழியாக. போருக்கான கொள்முதலால் இந்தியாவில் வெள்ளி ரூபாய் தட்டுப்பாடாகி, நோட்டைக் கொடுத்து வெள்ளி கேட்டு மக்கள் கருவூலங்களில் நெருக்கினார்கள். காகிதத்துக்கு வெள்ளி கொடுக்க முடியாமல் போனால் ஆட்சியின் மேலுள்ள நம்பிக்கையே போய்விடும் என்ற நிலை. 1918 ஏப்ரல் 23 அன்று பிட்மேன் சட்டம் நிறைவேறியது. சுமார் 26 கோடி அமெரிக்க வெள்ளி டாலர்களை உருக்கி பிரிட்டனுக்கு விற்றார்கள். அந்த வெள்ளி இந்தியாவுக்கு வந்து ரூபாயாக அச்சானது.

சுயாட்சி கேட்ட கடிதத்துக்கு வராத பதில், வெள்ளி கேட்டதற்குச் சட்டமாகவே வந்தது.

ஐயருக்கு பதில் லண்டனிலிருந்து கிடைத்தது. இந்திய விவகாரச் செயலர் மாண்டேகு 1918 ஜூனில் நாடாளுமன்றத்தில் அந்தக் கடிதத்தை வெட்கக்கேடானது என்றார். ஐயர் தம் இரண்டு பட்டங்களையும் தூக்கி எறிந்தார். ஜாலியன்வாலா பாக் படுகொலையைக் கண்டித்து தாகூர் 'சர்' பட்டத்தைத் துறந்தது இதற்கு ஓராண்டு கழித்து, 1919 மே மாதத்தில்.

பாதிரியாருக்கு ஒரு நிபந்தனை

போர் மதுரை மிஷனையும் தொட்டது. 1914 செப்டம்பர் 22 இரவு ஜெர்மன் கப்பல் எம்டன் சென்னைத் துறைமுகத்தின் மேல் குண்டு வீசியது. அதன்பின் தமிழ்நாட்டில் ஜெர்மானியர் என்றாலே சந்தேகம். தரங்கம்பாடியைச் சேர்ந்த லைப்சிக் மிஷன் பாதிரியார்கள் காவலில் வைக்கப்பட்டு நாடு கடத்தப்பட்டார்கள். பல தலைமுறையாகத் தமிழ் மண்ணில் வேரூன்றிய ஒரு மிஷனின் பாதிரியார்களையே அரசு நினைத்தால் அகற்றிவிட முடியும் என்பதை அமெரிக்கர்கள் கண்ணால் பார்த்தார்கள். போருக்குப் பின் பிரிட்டிஷ் அரசு, வெளிநாட்டு மிஷன்கள் அரசுக்கு விரோதமாக எதிலும் ஈடுபடுவதில்லை என்று உறுதி தந்தால்தான் நீடிக்கலாம் என்று நிபந்தனை போட்டது. பள்ளிகளுக்கு அரசு மானியமும் தேவைப்பட்டது. மிஷன்கள் உறுதி தந்தன.

அந்த உறுதிமொழியின் எடை 1930-இல் மதுரையில் தெரிந்தது.

மின்னசோட்டா மாநிலத்திலிருந்து 1925-இல் மதுரை மிஷனுக்கு வந்தவர் ரால்ப் ரிச்சர்ட் கைத்தான். கிராமங்களில் சுற்றினார், கதர் உடுத்தினார். உப்பு சத்தியாகிரகம் நடந்த அந்த ஆண்டில் ரெஜினால்டு ரெனால்ட்ஸ் என்ற ஆங்கில இளைஞர் அவர் வீட்டுக்கு விருந்தாளியாக வந்தார். தண்டி யாத்திரைக்கு முன் காந்தி வைஸ்ராய் இர்வினுக்கு எழுதிய கடிதத்தைக் கொண்டுபோய்க் கொடுத்தவர் அவர்தான். கைத்தான் எந்த மேடையிலும் ஏறவில்லை. கதர் உடுத்திய வெள்ளைக்காரர் ஒருவருக்குச் சோறு போட்டுத் தங்க இடம் கொடுத்தார், அவ்வளவே. அரசு அதிகாரிகள் மிஷனை நெருக்கினார்கள். மிஷன் தன் பாதிரியாரிடம் ஊருக்குத் திரும்பச் சொன்னது. அவர் கப்பலேறினார்.

மிஷனைக் கோழை என்று சொல்லிவிட்டுப் போவது எளிது. அதன் கையில் கல்லூரி இருந்தது, மருத்துவமனை இருந்தது, நூற்றுக்கணக்கான கிராமப் பள்ளிகளும் அவற்றின் ஆசிரியர் குடும்பங்களும் இருந்தன. ஒருவரைக் காப்பாற்ற அத்தனையையும் பணயம் வைக்க அது தயாராக இல்லை. நிறுவனம் பெரிதாகப் பெரிதாக அரசின் பிடியும் இறுகியது. சிம்லா மலையில் தனி மனிதராக வாழ்ந்த சாமுவேல் ஸ்டோக்ஸ் என்ற அமெரிக்கர் காங்கிரஸில் சேர்ந்து 1921-இல் சிறைக்கே போக முடிந்ததற்கும் இதுவே மறுபக்கம். அவருக்குப் பின்னால் காப்பாற்ற ஒரு மிஷன் இல்லை.

இரண்டு புத்தகங்கள்

கைத்தான் மதுரையிலிருந்த அதே ஆண்டுகளில் அமெரிக்காவில் இந்தியாவைப் பற்றி இரண்டு எழுத்துகள் உருவாயின. 1927-இல் வந்த கேத்தரின் மேயோவின் 'மதர் இந்தியா' இந்தியர்கள் தங்களை ஆளத் தகுதியற்றவர்கள் என்று சொன்னது. காந்தி அதைச் சாக்கடை ஆய்வாளரின் அறிக்கை என்று ஒதுக்கினார். மேயோ அதற்கு இரண்டாண்டு முன்பே பிலிப்பைன்ஸ் மக்களைப் பற்றியும் ஏறத்தாழ இதையே எழுதியிருந்தார் என்பது அவ்வளவாகப் பேசப்படுவதில்லை. மணிலாவில் பழகிய கைதான் டெல்லியை எழுதியது.

இரண்டாவது, தஞ்சாவூரில் பிறந்த குமரப்பாவினுடையது. லண்டனில் கணக்காயர் பயிற்சி பெற்ற அவர் 1927-இல் அமெரிக்கா போய் சிரக்யூஸ் பல்கலைக்கழகத்திலும் பிறகு கொலம்பியாவிலும் படித்தார். பொது நிதித் துறையின் பெரும் பேராசிரியரான செலிக்மனிடம் அவர் எழுதிய ஆய்வு, இந்தியரிடம் வசூலான வரி கடன் வட்டிக்கும் ராணுவத்துக்கும் அதிகாரிகளின் சம்பளத்துக்கும் எப்படிப் போகிறது என்று கணக்கிட்டுக் காட்டியது. 1929-இல் காந்தியைச் சந்தித்தார். ஆய்வு காந்தியின் 'யங் இந்தியா' இதழில் தொடராக வந்தது. மிஷன் கல்லூரி வாய்விட்டுச் சொல்ல முடியாததை அமெரிக்கப் பல்கலைக்கழகம் ஒரு தமிழருக்குப் புள்ளிவிவரத்தோடு சொல்லப் பயிற்றுவித்தது.

மறுபடியும் போர், மறுபடியும் கேள்வி

1941-இல் மதுரை அமெரிக்கன் கல்லூரியில் வரலாறு படித்துக்கொண்டிருந்த என். சங்கரய்யா, பி.ஏ. இறுதித் தேர்வுக்குச் சில நாட்களே இருக்கையில் கைதானார். அண்ணாமலைப் பல்கலைக்கழக மாணவர்கள் கைது செய்யப்பட்டதைக் கண்டித்துப் போராடியதுதான் குற்றம். பின்னாளில் தமிழகப் பொதுவுடைமை இயக்கத்தின் மூத்த தலைவரான அவர் அந்தப் பட்டத்தைப் பெறவே இல்லை.

அதே ஆண்டு ஆகஸ்டில் ஜனாதிபதி பிராங்க்ளின் ரூஸ்வெல்ட்டும் பிரிட்டிஷ் பிரதமர் சர்ச்சிலும் அட்லாண்டிக் சாசனத்தை வெளியிட்டார்கள். எல்லா மக்களுக்கும் தங்கள் ஆட்சியைத் தேர்ந்தெடுக்கும் உரிமை உண்டு என்றது அது. செப்டம்பரில் சர்ச்சில், அது இந்தியாவைக் குறிக்காது என்று விளக்கம் கொடுத்துவிட்டார். 1917-இல் ஐயர் முட்டிய அதே சுவர்.

ஆனால் இந்த முறை வாஷிங்டன் கொஞ்சம் அசைந்தது. ஜப்பான் பர்மா வரை வந்துவிட்டதால் இந்தியா அமெரிக்காவுக்கே தேவைப்பட்டது. 1942 ஏப்ரலில் ரூஸ்வெல்ட் இந்தியர்களோடு உடன்பாடு காணும்படி சர்ச்சிலை வற்புறுத்தினார். சர்ச்சில் பதவி விலகவே தயார் என்ற அளவுக்குப் போனதும் ரூஸ்வெல்ட் பின்வாங்கினார். 1943-இல் அவருடைய தனித் தூதராக வந்த வில்லியம் பிலிப்ஸை, உண்ணாவிரதத்தில் இருந்த காந்தியைச் சந்திக்கக்கூட பிரிட்டிஷார் விடவில்லை. பிலிப்ஸ் பிரிட்டிஷ் கொள்கையைக் குறைகூறி எழுதிய அறிக்கை 1944-இல் ஒரு பத்திரிகையாளர் மூலம் கசிந்து லண்டனைக் கொதிக்க வைத்தது. 1930-களின் நடுவில் திரும்பி வந்திருந்த கைத்தானை இம்முறை பிரிட்டிஷ் அரசே நாடு கடத்தியதும் அதே 1944-இல்தான்.

1946 ஜூலை முதல் வாரத்தில் அமெரிக்கா இரண்டு கணக்குகளைத் தீர்த்தது. 2-ஆம் தேதி, இந்தியரும் பிலிப்பைன்ஸ் மக்களும் குடியுரிமை பெற வழி செய்யும் சட்டம் கையெழுத்தானது. குடியேற்றத்துக்கு ஆண்டுக்கு நாட்டுக்கு 100 பேர் என்ற ஒதுக்கீடு. 4-ஆம் தேதி பிலிப்பைன்ஸ் சுதந்திரம் பெற்றது. மறு ஆண்டு இந்தியா. 1947 செப்டம்பர் 27 அன்று மதுரை மிஷனின் சபைகள் தென்னிந்தியத் திருச்சபையில் இணைந்தன. கைத்தான் திரும்பி வந்தார். திண்டுக்கல் பக்கம் டாக்டர் சௌந்தரமும் ஜி. ராமச்சந்திரனும் காந்திகிராமத்தை உருவாக்கியபோது துணை நின்றார்.

மதுரையில் அமெரிக்கர்கள் விட்டுச் சென்ற கல்வியும் மருத்துவமும் மெய்யான கொடை. அதைக் குறைத்துச் சொல்ல எந்தக் காரணமும் இல்லை. அரசியலில் தீர்ப்பு வேறு. தன் கையில் ஒரு காலனியை வைத்திருந்த 48 ஆண்டுகளில், இந்திய சுதந்திரத்துக்காக அமெரிக்க அரசு பிரிட்டனோடு உறவை முறித்துக்கொள்ளும் அளவுக்கு ஒருமுறைகூடப் போகவில்லை. அந்த விலையைக் கொடுத்தவர்கள் தனி மனிதர்கள்: பட்டங்களைத் துறந்த ஐயர், இரண்டு முறை வெளியேற்றப்பட்ட கைத்தான், தேர்வு எழுத முடியாமல் போன சங்கரய்யா.

வில்சனின் 14 அம்சங்களை மதுரை வகுப்பறைகளில் நடத்தும் ஆசிரியர்களுக்கு ஒரு வேண்டுகோள். அவை வெளியானது 1918 ஜனவரி 8. அதற்கு ஆறு மாதம் முன்பே மதுரையில் பிறந்த ஒருவர் அதே வில்சனுக்கு எழுதிய கடிதத்தையும் சேர்த்தே மாணவர்களுக்கு நடத்துங்கள்.